சுட்ட கோயில்

— கடைசியாச் சொல்லுதேன், பிரம்மநாயகி அக்கா. மரியாதையா வெளிய வந்திருங்க. நீங்க உக்காந்திருக்க எடத்துக்கு நேர் மேலதான் வளைவு வெடிச்சு வாயத் தெறந்துட்டுக் கெடக்கு.

— அத நானும் அண்ணாந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன், கிங்ஸ்லி. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன். நீ வெளிய நின்னு கத்தாத. ஒன் தொண்டைக்குத்தான் சுண்ணாம்பு உதிருது.

— கத்தாம என்ன செய்ய? ஜேசிபிக்காரன் வந்து நிக்கான். மத்தியானம் திரும்பி வரும்போது பழைய கோயிலு தரையோட தரையா இருக்கணும்னு பங்குச்சாமியார் சொல்லிட்டுல்லா போயிருக்காரு. பங்குப் பேரவைச் செயலாளர்னு எம் பேரப் போட்டு நோட்டீசு அடிச்சிருக்கு. இங்க என்னடான்னா, பிள்ளைமார் தெருப் பொம்பள ஒருத்தி மாதா கோயிலுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான்னு மருதந்துறை பூராவும் வாசல்ல வந்து நிக்கி.

— நிக்கட்டும். பாளையங்கோட்டை கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்து ரிட்டையர் ஆனவளுக்குக் கூட்டம் புதுசா? எத்தனை வாய்தா பாத்திருக்கேன்.

— இது கோர்ட்டு இல்லக்கா. இது கோயிலு.

— அதனாலதான் இங்க வந்தேன். அங்க போனா நாள் தள்ளிப் போட்டுட்டே இருப்பானுவ, நீ இங்கன இடிச்சு முடிச்சிருவ.

— சரி, ஒங்களுக்கு என்னதான் வேணும்? அதச் சொல்லுங்க மொதல்ல.

— வாசல்ல ஒரு கல்லு எறக்கி வச்சிருக்கியே, புதுக்கோயில்ல பதிக்க. அத வாசி.

— அத எதுக்கு இப்பம்?

— வாசியேன். ஊரே நிக்கின்னு சொன்னல்லா, எல்லாரும் கேக்கட்டும்.

— ‘முற்காலத்தில் பெரியவீட்டாரால் தீயிட்டுக் கொளுத்தப்பட்ட பழைய ஆலயம் இருந்த இடத்தில் இறையருளால் எழுப்பப்பட்ட புதிய ஆலயம்.’ போதுமா?

— பெரியவீட்டார்னா யாரு?

— அது ஒங்களுக்குத் தெரியாதா.

— எனக்குத் தெரியும். எங்க தம்பி மக சங்கரிக்கும் தெரிஞ்சு போச்சு. நேத்து பள்ளிக்கூடம் விட்டு இந்த வழியா வந்தவ, கல்லுல எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு, வீட்டுக்கு வந்து பைய எறக்கக்கூட இல்ல. ‘அத்தே, நாம ஏன் கோயில எரிச்சோம்?’னு கேக்கா. நான் என்ன பதில் சொல்லட்டும், நீயே சொல்லு.

— நடந்தத மறைக்கச் சொல்லுதியளா?

— நடந்தத எழுதுன்னு சொல்லுதேன். அந்த வரி போகணும். இல்லியா, நீயே உள்ள வந்து இந்தச் செவுத்த ஒரு தடவ கண்ணால பாத்துட்டு, அதுக்குப் பெறகும் அந்த வரி நிக்கலாம்னு ஒன் மனசு சொன்னா, நிக்கட்டும். நானே எந்திரிச்சு வெளிய வந்திருதேன். எங்க தரப்புக்குன்னு மிச்சம் இருக்க ஒரே சாட்சி இந்தச் செவுருதான். சாட்சிய இடிச்சிட்டுத் தீர்ப்பக் கல்லுல வெட்டப் பாக்கிய.

— சாட்சியாவது ஒண்ணாவது. போன மாசம் எம் மக ஜெனி பூசைக்கு வந்தவ தலையில காரை பேந்து விழுந்து, தையல் போட்டுக் கூட்டிட்டு வந்தோம். அந்தப் பிள்ளை இன்னமும் தூக்கத்துல தலையத் தடவுது. இந்தச் செவுரு இன்னொரு உசுர எடுக்குமுன்ன இடிச்சே ஆகணும். இதுல ஒங்களுக்கும் எனக்கும் ஒரு பகையும் கெடையாது.

— இடிக்காதன்னு நான் சொல்லவே இல்லியே. பிள்ளைக்கு அடிபட்டது எனக்கும் வயித்தெரிச்சல்தான். இடிச்சிக்கோ. இடிக்குமுன்ன பாரு. அவ்வளவுதான் கேக்கேன்.

— பாக்க என்ன இருக்கு? மருதந்துறையில கைப்பிள்ளையக் கேட்டாலும் சொல்லும், இதுக்குப் பேரே சுட்ட கோயிலுன்னு. சும்மாவா பேரு வரும்? எங்க பூட்டன் சந்தியாகு, இந்தக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை. மணி அடிக்கது, கதவு தெறக்கது எல்லாம் அவருதான். அவர உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுத் தீ வச்சானுவ. இந்தா, இந்தக் கதவப் புடிச்சபடியே செத்துக் கெடந்தாரு. இன்னைக்கும் எங்க வீட்டுல கல்யாணம் காட்சின்னா அவரு பேரச் சொல்லித்தான் மொத இலை போடுதோம். அவர இல்லேன்னு சொல்லச் சொல்லுதியளா என்னைய?

— அவர நான் இல்லேன்னு சொல்லல, தம்பி.

— பெறகு? நீங்க செய்யலேன்னா வருசா வருசம் எதுக்கு எண்ணெய் சொமக்கிய? மாதா திருநாள் கொடியேத்தத்தன்னைக்கு ஒங்க வீட்டுலேருந்து ஒருத்தர் எண்ணெய்க் கொடத்தோட வரணும். தெரு வழியா வரக்கூடாது, ஆத்துக்குள்ள எறங்கி வரணும். கொடம் தலையிலதான் இருக்கணும், இடுப்புக்கு எறங்கப்பிடாது. ஈரக்காலோட வாசப்படியில நின்னு ‘எடம் இருக்கா’ன்னு கேக்கணும். நாங்க உள்ளேருந்து ‘கதவு அடைக்கல’ன்னு சொல்லி வாங்கணும். இதுக்குப் பேரு என்ன? தெண்டம். செஞ்ச பாவத்துக்குத் தெண்டம். மன்னிச்சிட்டோம், கதவு ஒங்களுக்கு அடைக்கலன்னு நாங்க சொல்லுதோம். நீங்களே ஒத்துக்கிட்டதத்தான் கல்லுல போட்டிருக்கு.

— நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். அதாம்லே என் வயித்தெரிச்சல். வயசுப்பிள்ளையா இருக்கும்போதே அந்தக் கொடம் எந் தலைக்கு வந்துட்டு. எங்க அம்மைக்கு முட்டு வலி, வேற பொம்பள இல்ல வீட்டுல. ஆத்துலேருந்து ஏறி வாரேன், சேலை முட்டுவரைக்கும் ஈரம், ரெண்டு பக்கமும் ஒங்க தெருப் பொம்பளைங்க வரிசையா நிக்காங்க. ஒருத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல, அது வேற. ஆனா சொல்லவே வேண்டாம், பார்வையே போதும். கோர்ட்டுல கூண்டுல ஏறப்போறவனுக்குக் கடைசிப் படியில காலு ஒரு மாதிரித் தயங்கும். நான் பாத்திருக்கேன். அதே தயக்கம் வருசா வருசம் இந்தப் படியில எங்காலுக்கு வரும். எவனோ எங்க பாட்டன் செஞ்சத நான் சொமக்கேன்னு. அப்படியே தலைய நிமிராம கொடத்தக் குடுத்துட்டு ஓடிப் போயிருவேன். கோயிலுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் ஏறிட்டுப் பாத்ததில்ல.

— இன்னைக்கு மட்டும் பாத்தீயளாக்கும்.

— இன்னைக்கு மட்டும் பாத்தேன். விடியக்காலம் வந்தேன், கல்லப் பாத்துட்டு அழத்தான் வந்தேன்னு வச்சுக்கோ. கதவு சும்மா சாத்தியிருந்துது. உள்ள வந்து பாத்தா, ஜெனிக்கு அடிபட்ட எடத்துல காரை பேந்து செவுரு அம்மணமா நிக்கி. கிங்ஸ்லி, ஒரு கரித்தடம் இல்ல. எங்கையிலிருந்த சாவியால இன்னும் நாலு எடத்துல சொரண்டிப் பாத்தேன். கல்லு செக்கச்செவேல்னு இருக்கு. நேத்துத்தான் சூளையிலேருந்து எடுத்த மாதிரி.

— எவனாவது கழுவி வெள்ளையடிச்சிருப்பான்.

— வெள்ளையடிச்சா வெள்ளைக்கு அடியில கரி இருக்கணும்லா. சுண்ணாம்பு, அதுக்கு அடியில நேரா கல்லு. சரி, கல்ல விடு. ஒனக்கும் எனக்கும் நடுவுல இந்தக் கதவு நிக்கே, இது எப்பம் போட்டது?

— இது பழைய கதவுதான். பூட்டன் புடிச்சிட்டுச் செத்த அதே கதவு. புதுக்கோயில்ல கண்ணாடி போட்டு வைக்கப் போறோம்.

— கோயில் எரிஞ்சுது. உள்ள இருந்த மனுசன் வெந்தாரு. மரக்கதவு மட்டும் முழுசா நிக்கி?

— அது மாதா செஞ்ச புதுமை, அற்புதம்.

— புதுமைய நான் குறுக்கு விசாரணை செய்யமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எரிச்சத நம்ம ஊருல என்னன்னு சொல்லுவோம்? போன வருசம் ஓலைக்கொட்டகைக்குத் தீப்புடிச்சுதே, அந்த எடத்த என்னன்னு சொல்லுதிய?

— எரிஞ்ச கொட்டகை.

— சுட்ட கொட்டகைன்னு ஒருத்தனாவது சொன்னானா? சுட்டதுன்னு எதச் சொல்லுவோம்? தோசை சுட்டது. பனங்காய் சுட்டது. பெறகு, செங்கல் சுட்டது.

— என்ன சொல்ல வாரிய?

— எங்க தெருக்கோடியில இருக்க சிவன் கோயில ஊருல என்னன்னு சொல்லுதாவ?

— கல்கோயிலுன்னு.

— ஏன்?

— கருங்கல்லுல கட்டுனதுனால... ஏலே, எவன்லே அங்கன வண்டிய ஸ்டார்ட் பண்ணுனது? நான் சொல்லுதவரைக்கும் கை வைக்காதன்னேம்லா.

— அது கருங்கல்லு, கல்கோயிலு. இது சூளையில சுட்ட கல்லு, சுட்ட கோயிலு. அந்தக் காலத்துல மருதந்துறையில வீடு பூராவும் பச்சமண் கல்லுதான். எங்க பெரியவீடே மண்கல்லுதான், எங்க அப்பா காலத்துலதான் இடிச்சுக் கட்டுனாரு. சுட்ட கல்லுல நின்னது இது ஒண்ணுதான். ரெண்டு கோயிலுக்கும் அடையாளம் சொல்லப் பேரு வச்சிருக்கான். அத நாம வழக்காக்கி, தீர்ப்பும் சொல்லி, நீங்க பெருமையும் நாங்க அவமானமுமா பங்கு போட்டுக்கிட்டோம்.

— நல்லா பேசுதிய. கோர்ட்டுல இருந்த ஆளுல்லா. அப்பம் எங்க பூட்டன் சும்மா செத்தாரா? வயித்து வலி வந்து செத்தாரா? இந்தக் கதவ எதுக்குப் புடிச்சாரு? எங்க அப்பன், தாத்தன் எல்லாம் பொய் சொல்லிச் சோறு போட்டானுவளா? நீங்க நல்லவியன்னு ஆகணும்ங்கதுக்கு எங்க ஆள ஒண்ணுமில்லாம ஆக்காதீய. எனக்குக் கெட்ட கோவம் வரும்.

— கிங்ஸ்லி...

— வெளிய வாங்கன்னு சொல்லிட்டேன். இல்ல, நான் கதவ ஒடைக்கச் சொல்லுவேன். ஏலே, யாருலே அது, அந்தக் கடப்பாரைய...

— அய்யோ.

— அக்கா? என்ன சத்தம் அது? அக்கா?

— ...

— அக்கா, பேசுங்க. மாதாவே. ஏலே, அந்தச் சவத்து ஜேசிபிய அமத்துங்கலே, செவுரு அதிருது. அக்கா.

— ...இருக்கேன். ஒரு கல்லு எறங்கிட்டு. பக்கத்துலதான் விழுந்துது. கண்ணுல தூசி, வேற ஒண்ணுமில்ல.

— நான் கதவத் தள்ளி...

— கதவத் தொடாதீய, ஜெனி அப்பா. எங்கன நிக்கியன்னு தெரியுதா? இத இடிச்சா நெலையோட வளைவும் சேர்ந்து எறங்கும். அக்கா உள்ள இருக்காங்க.

— ஏட்டி டார்லின், நீ எதுக்கு இங்கன வந்த? பொம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கமா நில்லுங்கன்னேம்லா.

— கட்டுன புருசன் இப்படிக் கத்திட்டு நின்னா பொண்டாட்டி எங்க போவா? இந்தாங்க, சுக்குக் காப்பி. குடிச்சிட்டுக் கத்துங்க. அக்கா, நான் டார்லின். ஒங்களுக்கு அடி ஒண்ணும் இல்லியே?

— இல்லம்மா. ஒன் வீட்டுக்காரனுக்குத்தான் நெஞ்சுல அடி.

— நான் வந்து வெகுநேரம் ஆச்சு. பின்னால நின்னு எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா, கோவப்படாம பதில் சொல்லுதியளா?

— கேளு. நீ ஒருத்திதான் பாக்கி.

— ரெண்டாயிரத்து இருவத்திமூணு மார்கழியில ஆறு ஒடைச்சிட்டு வந்துதே, அன்னைக்கு நாம எங்க போயித் தங்குனோம்?

— அது என்ன கேள்வி? இந்த அக்கா வீட்டு மச்சு மாடியிலதான். நம்ம தெருல பாதிப்பேரு அங்கனதான் கெடந்தோம்.

— நீங்க தண்ணிக்குள்ள வரும்போது தலையில என்ன வச்சிருந்திய?

— அது... கருப்பட்டிப் பெட்டி. ஏன் சிரிக்க? நம்ம கடைச் சரக்கு. உடன்குடியிலேருந்து அன்னைக்குத்தான் வந்து எறங்குச்சு. தண்ணி பட்டா கரைஞ்சிரும்லா. பிள்ளைய நீ தூக்கிட்ட, நான் பெட்டியத் தூக்கிட்டேன்.

— இடுப்புல வச்சிருக்கலாம்லா.

— இடுப்பு வரைக்கும் தண்ணி நிக்கி, இடுப்புல எப்படிட்டி வைக்க?

— டார்லின், நீ என்னம்மா சொல்லுத?

— நான் ஒண்ணும் சொல்லலக்கா. வருசா வருசம் நீங்க அந்தக் கொடத்தத் தலையில வச்சிட்டு, ஈரக்காலோட ஆத்துப்பக்கமிருந்து ஏறி வாறதப் பாத்துட்டுதான் இருக்கேன். நான் வெளியூர்ப் பொண்ணு, இங்க வாக்கப்பட்டு வந்தவ. எங்க மாமியா சொன்னாக, இது தெண்டம்னு. சரின்னு கேட்டுக்கிட்டேன். ஆனா வெள்ளத்தன்னைக்கு இவுக பெட்டியத் தலையில வச்சிட்டு ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாகளே, அப்பம் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. இத எங்கயோ பாத்திருக்கோமேன்னு. அன்னைக்கு வெளங்கல. இப்பம் நீங்க மண்கல்லுன்னு சொன்னதும்தான் வெளங்குச்சு. மண்கல்லு வெள்ளத்துல என்னக்கா ஆகும்?

— கருப்பட்டி மாதிரிக் கரைஞ்சிரும்.

— சுட்ட கல்லு?

— நிக்கும். ஊருல இது ஒண்ணுதான் நின்னிருக்கும். அதுவும் மேட்டுல. ஏம்மா டார்லின்... தெருவழியா ஏன் வரக்கூடாதுன்னா, தெருவே இல்ல அன்னைக்கு. எல்லாம் ஆறுதான். வீட்டுல மிஞ்சுன எண்ணெய்யத் தலையில தூக்கிட்டு, நெஞ்சளவு தண்ணியில நடந்து வந்து, இந்தப் படியில ஏறி நின்னு கேட்டிருக்கா எங்க வீட்டுப் பொம்பள ஒருத்தி. எடம் இருக்கான்னு.

— நிறுத்துங்க. நிறுத்துங்கக்கா.

— கிங்ஸ்லி, ஒங்க பூட்டன்...

— நான் சொல்லுதேன். நீங்க சொல்ல வேண்டாம், எங்க ஆளு, நான் சொல்லுதேன். வெளிய பூட்டிட்டுத் தீ வச்சிருந்தா, உள்ள இருந்தவரு கதவு அடைக்கலன்னு ஏன் சொல்லணும்? சொல்லமாட்டாரு. ‘கதவத் தெற’ன்னுல்லா கத்தியிருப்பாரு. அவரு கதவப் புடிச்சிட்டு நின்னது... தண்ணி தள்ளுற தள்ளுல கதவு சாத்திக்கிடாம புடிச்சிட்டு நின்னிருக்காரு. வாறவங்கள எல்லாம் உள்ள விட்டுக்கிட்டு.

— ஆமா தம்பி.

— ஒரு கதவுல எத்தனை பேரு வந்திருப்பாங்கக்கா. ரெண்டு தெருவும் வந்திருக்கும். தண்ணியில அடிபட்டு உசுரு போறவரைக்கும் கைய விடாம நின்னிருக்காரு. நாங்க என்னடான்னா, அவர யாரோ கொளுத்துனாங்கன்னு சொல்லிச் சொல்லி... மொத இலையில சோத்த வச்சிட்டு, ஒங்க தெருவப் பாத்துப் பல்லக் கடிச்சிட்டு ஒக்காருவோம். எங்க அப்பா சாகும்போதுகூட அதத்தான் சொன்னாரு. மறந்திராதலே, கொளுத்துனவங்க அவுங்கன்னு.

— அழுதியா?

— சுண்ணாம்புத் தூசி.

— ஜெனி அப்பா, இந்தாங்க, முந்தானையில தொடைங்க. ஊரு பாக்கு.

— பாக்கட்டும். ஏலே, வண்டிய எடுத்துட்டுப் போலே. சாமியாருக்கு நான் பேசிக்கிடுதேன். இடிக்கது பெறகு. மொதல்ல முட்டுக் குடுத்து வளைவத் தாங்குத வழியப் பாப்போம். அந்தக் கல்லத் திருப்பிப் போடு, எழுத்து தரையப் பாக்கட்டும்.

— கிங்ஸ்லி, இது எல்லாம் நாம கோத்துப் பாத்ததுதான். கண்ணால கண்டவன் எவனும் இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா?

— கேட்டா இந்தச் செவுத்தக் காட்டுவேன். அக்கா, நான் அதப் பாக்கணும். சொரண்டுன எடத்தக் காட்டுங்க. காலையிலேருந்து பாரு பாருன்னிய, இப்பம் பாக்கணும்ங்கேன். தாப்பாளத் தெறங்க.

— வாறவன் எப்படிக் கேட்டுட்டு வரணும்?

— வெளையாடாதீயக்கா.

— நான் எத்தனை வருசம் கேட்டேன், ஈரக்காலோட. நீ ஒரு தடவ கேளு.

— எடம் இருக்காக்கா?

— கதவு அடைக்கல, கிங்ஸ்லி. காலையிலேருந்தே அடைக்கல. நீதான் தள்ளிப் பாக்கல.